ரீசெல்லர் ஹோஸ்டிங்: விளம்பரம் சொல்லும் ஜிபியும் சொல்லாத வரம்புகளும்

பல வாடிக்கையாளர்களின் இணையதளங்களைப் பராமரிப்பவர்கள் அவை அனைத்தையும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் (சர்வரில் வாடகைக்கு எடுத்த இடத்தில்) ‘ஆட்ஆன் டொமைன்’களாக, அதாவது கூடுதல் இணைய முகவரிகளாகச் சேர்த்து வைத்திருப்பது நம் ஊர்களில் இன்றும் பரவலாகக் காணப்படும் பழக்கம். செலவு குறைவு, ஒரே கடவுச்சொல், ஒரே பேனல் என்பதால் தொடக்கத்தில் வசதியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கணக்கிலுள்ள எல்லாக் கோப்புகளும் சர்வரைப் பொறுத்தவரை ஒரே பயனருக்குச் சொந்தமானவை என்பதால், ஜவுளிக்கடைத் தளத்தில் புதுப்பிக்கப்படாமல் கிடந்த ஒரு பிளகின் வழியாக நுழைந்த தீநிரல், பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் பள்ளித் தளத்தையும் மருத்துவமனைத் தளத்தையும் எந்தத் தடையுமின்றித் தொட முடியும். ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மொத்தமாக இடம் வாங்கி, அதைத் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துக் கொடுக்க உதவும் ரீசெல்லர் கணக்குக்கு மாறுவதற்கு என்னைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் இதுவே. மறுவிற்பனையில் வரும் லாபம் அடுத்தபடிதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பயனர், தனித் தரவுத்தளம், தனி மின்னஞ்சல், தனி வரம்பு என்று பிரித்துவைப்பதாகச் சொல்லும் இந்தச் சேவை, உண்மையில் எந்த அளவுக்குப் பிரித்துவைக்கிறது என்ற ஒரே அளவுகோலை வைத்து, நான் பயன்படுத்திவரும் கணக்கையும் அதன் டபிள்யூஎச்எம் பேனலையும் (வாடிக்கையாளர் கணக்குகளை ரீசெல்லர் நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பக்கம்) இங்கே மதிப்பிடுகிறேன்.

நான் எடுத்தது மும்பை தரவு மையத்தில் இருக்கும் நடுத்தரத் திட்டம்: 50 ஜிபி என்விஎம்இ (அதிவேக வட்டு) இடம், 30 சிபேனல் கணக்குகள் (சிபேனல் என்பது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கிடைக்கும் கட்டுப்பாட்டுப் பேனல்), கிளவுட்லினக்ஸ் இயங்குதளம், லைட்ஸ்பீடு வெப் சர்வர். கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. கீழே சொல்லியிருக்கும் நிறைகுறைகளில் பெரும்பகுதி, இதே மென்பொருள்களை வைத்து ரீசெல்லர் கணக்கு விற்கும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தக்கூடியது.

பணம் கட்டியதும் வரும் முதல் மின்னஞ்சலில் டபிள்யூஎச்எம் முகவரியும் (2087 என்ற போர்ட் எண்ணில் முடிவது), பயனர்பெயரும், இரண்டு ஐபி எண்களும் இருக்கும். அந்த ஐபி எண்கள் சொந்த நேம்சர்வர் (ஒரு டொமைன் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) அமைத்துக்கொள்வதற்காகத் தரப்படுபவை. பலர் இதை விட்டுவிட்டு நிறுவனத்தின் பொது நேம்சர்வர்களையே வாடிக்கையாளர்களின் டொமைன்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் நாளை வேறு நிறுவனத்துக்கு மாறும்போது ஒவ்வொரு வாடிக்கையாளரின் டொமைன் கணக்கிலும் நுழைந்து நேம்சர்வரை மாற்ற வேண்டியிருக்கும், அவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. சொந்த டொமைனில் என்எஸ்1, என்எஸ்2 என்று இரண்டு பெயர்களை அமைத்துக்கொண்டால், மாறும்போது அந்த இரண்டு பெயர்களுக்குரிய ஐபி எண்களை மட்டும் மாற்றினால் போதும். எல்லா டொமைன்களும் கூடவே நகர்ந்துவிடும்.

இதை அமைக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டபிள்யூஎச்எம்மில் நேம்சர்வர் பெயர்களை எழுதிவைப்பதும், டிஎன்எஸ் ஸோனில் (டொமைனின் முகவரிப் பதிவேட்டில்) ஏ ரெக்கார்டு, அதாவது பெயருக்குரிய ஐபி எண்ணைக் குறிக்கும் வரி, சேர்ப்பதும் மட்டும் போதாது. நம் டொமைனுக்கு நேம்சர்வர் எங்கே என்று கேட்டால் அந்த டொமைனுக்குள்ளேயே இருக்கும் ஒரு பெயரைக் காட்டுவது முடிவில்லாமல் சுற்றிவரும் கேள்வியாகிவிடும் என்பதால், அந்தப் பெயர்களுக்குரிய ஐபி எண்களை டொமைன் வாங்கிய இடத்திலும் ‘சைல்டு நேம்சர்வர்’ என்ற பகுதியில் தனியாகப் பதிய வேண்டும். இந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் டபிள்யூஎச்எம் பகுதி படத்தோடு விளக்கப்பட்டிருக்கிறது. டொமைன் பகுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேலும், கொடுக்கப்பட்ட இரண்டு ஐபி எண்களும் ஒரே சர்வரைச் சேர்ந்தவையாக இருந்தால் பெயரில்தான் இரண்டு நேம்சர்வர். அந்த இயந்திரம் நின்றால் தளத்தோடு டிஎன்எஸ்ஸும் நின்றுபோகும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

அடுத்தது பேக்கேஜ், அதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்குக்கான வரம்புகளின் தொகுப்பு. ‘ஆட் எ பேக்கேஜ்’ பக்கத்தைத் திறந்தால் இட அளவு, மாத பேண்ட்வித், எஃப்டிபி கணக்குகள், மின்னஞ்சல் கணக்குகள், தரவுத்தளங்கள், சப்டொமைன், ஆட்ஆன் டொமைன், ஒரு டொமைனிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு அனுப்பக்கூடிய அஞ்சல்களின் உச்ச எண்ணிக்கை என்று வரிசையாகக் கட்டங்கள் வரும். எல்லாவற்றிலும் ‘அன்லிமிடெட்’ என்று குறித்துவிட்டுப் போவதற்கான தூண்டுதல் பலமாகவே இருக்கும். அப்படிச் செய்தால், ஒரு வாடிக்கையாளர் தன் அலுவலகத்தின் பழைய அஞ்சல்களையெல்லாம் சேர்த்துவைத்தே 50 ஜிபியையும் நிரப்பிவிடலாம். மற்றவர்களின் தளங்களில் ஒரு படத்தைக்கூட ஏற்ற முடியாமல் போகும். நான் சிறிய தளத்துக்கு 2048 எம்பி, கடைத் தளத்துக்கு 5120 எம்பி என்று இரண்டே பேக்கேஜ்கள் வைத்திருக்கிறேன். பேக்கேஜ் பெயருக்கு முன்னால் நம் ரீசெல்லர் பயனர்பெயரும் ஓர் அடிக்கோடும் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்பதால், அந்தப் பயனர்பெயரைப் பதிவு செய்யும்போதே சுருக்கமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. நிறுவனம் ‘ஓவர்செல்லிங்’ அனுமதியைக் கொடுத்திருந்தால் பேக்கேஜ்களின் கூட்டுத்தொகை 50 ஜிபியைத் தாண்டினாலும் டபிள்யூஎச்எம் தடுக்காது. உண்மையில் பயன்படுத்தப்பட்ட அளவையே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அளவோடு செய்தால் இதில் தவறில்லை, ஏனெனில் 2 ஜிபி வாங்கிய பல கடைக்காரர்கள் அரை ஜிபியைக்கூடத் தொடுவதில்லை.

‘ஃபீச்சர் மேனேஜர்’ என்ற பகுதியை நான் மிகவும் பாராட்டுவேன். வாடிக்கையாளரின் சிபேனலில் எந்தெந்த ஐகான்கள் தெரிய வேண்டும் என்பதை இங்கே தீர்மானிக்கலாம். தன் கடையின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்ற மட்டுமே உள்ளே வரும் ஒருவருக்கு க்ரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), ஸோன் எடிட்டர், பிஎச்பி பதிப்புத் தேர்வு ஆகியவற்றைக் காட்டுவதில் பயனில்லை. ஸோன் எடிட்டரைத் திறந்து ஒரு வரியை அழித்துவிட்டால் தளமும் அஞ்சலும் சேர்ந்தே நின்றுபோகும். மின்னஞ்சல், கோப்பு மேலாளர், பேக்கப் ஆகிய மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றை மறைத்துவைத்தால் வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் கண்கூடாகக் குறைகின்றன.

கணக்கு உருவாக்குவது சில நொடி வேலை. டொமைன் பெயரை எழுதியதும் பயனர்பெயரை டபிள்யூஎச்எம் தானாக நிரப்பிக்கொள்ளும். அதை அப்படியே ஏற்காமல் அர்த்தமுள்ள சிறு பெயராக மாற்றுவது நன்று. தரவுத்தளப் பெயர்களின் முன்னொட்டாகவும், கோப்புகளின் பாதையிலும் அந்தப் பெயரே நிலைத்துவிடும் என்பதால், பின்னால் அதை மாற்றினால் வேர்ட்பிரஸ்ஸின் அமைப்புக் கோப்பையும் சேர்த்துத் திருத்த வேண்டிவரும். தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தொடர்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: டொமைன் நம் சர்வரை நோக்கித் திரும்பியதும் ஆட்டோஎஸ்எஸ்எல் தானாகச் சான்றிதழ் எடுத்து, காலாவதியாகும் முன் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. இன்றும் சில ஏஜென்சிகள் சாதாரணச் சான்றிதழுக்கு ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன. அதற்குத் தேவையே இல்லை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். விளம்பரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இட அளவு. ஒரு தளத்தின் வேகத்தையும் நிலைத்தன்மையையும் தீர்மானிப்பதோ, கிளவுட்லினக்ஸ் ஒவ்வொரு கணக்குக்கும் விதிக்கும் எல்விஇ வரம்புகள், அதாவது சர்வரின் வளங்களில் ஒரு கணக்கு எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற எல்லைகள். கிளவுட்லினக்ஸின் இயல்பு அமைப்பில் ஒரு கணக்குக்கு ஒரு சிபியு கோர், 1 ஜிபி நினைவகம், ஒரே நேரத்தில் 20 என்ட்ரி பிராசஸ், நொடிக்கு 1024 கேபி வட்டு வேகம் என்று இருக்கும். நிறுவனங்கள் இதைத் தங்கள் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் வைக்கலாம். அந்த வட்டு வேகத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்: என்விஎம்இ வட்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி படிக்கும் என்று விளம்பரம் சொல்லும், ஆனால் கணக்குக்கான வரம்பு நொடிக்கு 1 எம்பி என்றால், 1 ஜிபி அளவுள்ள ஒரு பேக்கப்பைப் படிப்பதற்கே ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். என்விஎம்இ என்ற சொல்லுக்காகக் கொடுத்த கூடுதல் பணம் அந்த இடத்தில் வீணாகிறது.

வரம்பைத் தொடும்போது நடப்பதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிபியு வரம்பைத் தொட்டால் தளம் மெதுவாகும், பிழை எதுவும் தெரியாது. நினைவக வரம்பைத் தொட்டால் 500 அல்லது 503 பிழை வரலாம். என்ட்ரி பிராசஸ் வரம்பைத் தொட்டால் 508 என்ற எண்ணோடு வளங்களின் எல்லை எட்டப்பட்டதாக ஓர் அறிவிப்பு வரும். 20 என்ட்ரி பிராசஸ் என்றால் 20 பார்வையாளர்கள் என்று சிலர் பொருள்கொண்டு பதறுகிறார்கள்; அது பெரும்பாலும் ஒரே கணத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் பிஎச்பி (பக்கங்களை உருவாக்கும் நிரல்) கோரிக்கைகளின் எண்ணிக்கை. ஒருமுறை உருவான பக்கங்களைச் சேமித்துவைக்கும் லைட்ஸ்பீடு கேஷ் பிளகினைச் சரியாக அமைத்துவிட்டால் பெரும்பாலான பக்கங்கள் பிஎச்பியைத் தொடாமலேயே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு வாடிக்கையாளரின் தீபாவளி விற்பனைப் பக்கம் இந்த வரம்பைத் தொட்டபோது, அவருடைய தளம் மட்டும் திணறியது. அதே ரீசெல்லர் கணக்கில் இருந்த மற்றத் தளங்கள் வழக்கம்போல் இயங்கின. கணக்குகளைப் பிரித்துவைத்ததன் பலன் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது. இந்த இடத்தில் இச்சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஆயினும் இரண்டு கேள்விகளை எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, வரம்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியா, அல்லது ரீசெல்லரின் மொத்தத்துக்கும் சேர்த்து இன்னொரு உச்சவரம்பு உண்டா என்பது. கிளவுட்லினக்ஸில் அப்படியும் அமைக்க வழி இருக்கிறது. அப்படி இருந்தால் ஒரு தளத்தின் நெரிசல் மற்றவற்றையும் பாதிக்கக்கூடும். இரண்டு, ஐநோடு வரம்பு. ஒவ்வொரு கோப்பும் ஃபோல்டரும் ஓர் ஐநோடு. சிபேனலின் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால் அதுவும் ஓர் ஐநோடு. இடம் பாதிக்குமேல் காலியாக இருக்கும்போதே இன்பாக்ஸைக் காலி செய்யாத ஓர் அலுவலகத்தால் இந்த வரம்பு நிரம்பிவிடலாம்.

மின்னஞ்சல்தான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான பகுதி. கோப்பில், நினைவகத்தில், தரவுத்தளத்தில் இருக்கும் பிரிவினை அஞ்சலில் இல்லை, ஏனெனில் ஒரே சர்வரில் இருக்கும் நூற்றுக்கணக்கான கணக்குகளும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியிலிருந்துதான் அஞ்சல் அனுப்புகின்றன. அவற்றில் யாரோ ஒருவருடைய தொடர்புப் படிவம் வழியாக ஸ்பேம் கிளம்பி, அந்த ஐபி ஸ்பேம்ஹாஸ் போன்ற தடுப்புப் பட்டியலில் ஏறிவிட்டால், நம் வாடிக்கையாளர் அனுப்பும் விலைப்பட்டியலும் திரும்பி வரும். அப்படி ஒருமுறை நடந்தபோது நிறுவனத்தின் உதவிப் பிரிவு முதலில் எங்கள் எஸ்பிஎஃப் பதிவைச் (டொமைனின் பெயரில் எந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) சரிபார்க்கச் சொன்னது. திரும்பி வந்த அஞ்சலிலேயே தடைக்குக் காரணம் ஐபி என்று தெளிவாக எழுதியிருந்ததை எடுத்துக் காட்டிய பிறகே அனுப்பும் ஐபியை மாற்றினார்கள். அதுவரை அந்த வாடிக்கையாளர் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து விலைப்பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்தார். சில நிறுவனங்கள் வெளிச்செல்லும் அஞ்சலை மெயில்சேனல்ஸ் போன்ற வடிகட்டும் சேவை வழியாக அனுப்புகின்றன. அந்த வசதி இருக்கும் திட்டத்துக்குச் சற்று அதிகம் கொடுக்கலாம்.

நம் கையில் இருக்கும் பகுதியைப் பொறுத்தவரை சிபேனல் நல்ல உதவி செய்கிறது. ‘இமெயில் டெலிவரபிலிட்டி’ என்ற பக்கம் ஒவ்வொரு டொமைனுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (அஞ்சலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்க வேண்டிய வரியையே எழுதிக்கொடுக்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்பும் எவரிடமும் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும், நாளொன்றுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோரிடம் டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) சேர்த்து மூன்றும் இருக்க வேண்டும் என்றும் கூகுள் விதித்திருப்பதால், கணக்கு உருவாக்கியதும் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுவே. டொமைனின் டிஎன்எஸ் க்ளவுட்ஃப்ளேர் போன்ற வெளிச் சேவையில் இருந்தால் சிபேனல் தன் ஸோனில் எழுதுவது உலகத்துக்குத் தெரியாது. அந்த வரிகளை நாமே அங்கே ஒட்ட வேண்டும்.

இன்னொரு நுட்பமான இடம் ‘இமெயில் ரூட்டிங்’. வாடிக்கையாளரின் அஞ்சல் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்து, தளம் மட்டும் நம் சர்வரில் இருக்கும்போது, இந்த அமைப்பு ‘லோக்கல்’ என்று இருந்தால், வெளியிலிருந்து வரும் அஞ்சலெல்லாம் கூகுளுக்குச் சரியாகப் போகும்; ஆனால் அதே சர்வரிலிருந்து கிளம்பும் அஞ்சல், அதாவது அவருடைய தளத்தின் தொடர்புப் படிவம் அனுப்புவது, சர்வரை விட்டு வெளியேறாமல் உள்ளூர்ப் பெட்டியைத் தேடும். படிவத்தை நிரப்பியவர்களுக்கு நன்றி அறிவிப்பு வரும், கடைக்காரருக்கு ஒன்றும் வராது. அதை ‘ரிமோட்’ என்று மாற்றினால் தீர்ந்தது. இத்தனை முக்கியமான அமைப்பு தனிப் பக்கமாக ஒதுங்கிக் கிடப்பதும், கணக்கு உருவாக்கும் பக்கத்தில் எச்சரிக்கையாக எடுத்துச் சொல்லப்படாததும் சிபேனலின் வடிவமைப்பில் ஒரு குறைதான்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. ‘லிஸ்ட் அக்கவுன்ட்ஸ்’ பக்கத்தில் ஒவ்வொரு கணக்கின் அருகிலும் இருக்கும் சிபேனல் ஐகானை அழுத்தினால், அந்த வாடிக்கையாளரின் கடவுச்சொல் இல்லாமலேயே அவருடைய பேனல் திறந்துகொள்ளும். அன்றாட வேலைக்கு இது பெரும் வசதி. அதே காரணத்தால், ரீசெல்லரின் கடவுச்சொல் ஒன்று வெளியே போனால் 30 கணக்குகளும் திறந்த வீடாகிவிடும். எனவே இரட்டைச் சரிபார்ப்பு இன்றியமையாதது. ஆனால் அதை சர்வர் அளவில் செயல்படுத்தும் அதிகாரம் ரூட்டிடம், அதாவது நிறுவனத்திடம்தான் இருக்கிறது. நிறுவனம் அதைச் செயல்படுத்தாத சர்வரில் ரீசெல்லர் கணக்கு எடுக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர் தெரியாமல் நம் பெயரிலேயே சேவை தரலாம் என்று, ‘வைட் லேபிள்’ என்ற பெயரில் விற்கப்படும் வசதியை மிகையாக நம்ப வேண்டாம். நேம்சர்வர் நம் பெயரில் இருக்கும். ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரிந்த ஒருவர் அஞ்சலின் ஹெடரைத் திறந்து பார்த்தால் சர்வரின் உண்மையான பெயர் அதில் இருக்கும். மறைப்பதைவிட, எந்த நிறுவனத்தின் சர்வர் என்று கேட்டால் சொல்லிவிடுவதே மரியாதை.

கட்டணம் ஏன் கணக்கின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறுகிறது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. 1996 முதல் இருந்துவரும் சிபேனல் 2019 வரை ஒரு சர்வருக்கு இவ்வளவு என்றுதான் உரிமக் கட்டணம் வாங்கியது. அந்த சர்வரில் எத்தனை கணக்கு வைத்தாலும் அதே தொகை. அதற்கு முந்தைய ஆண்டு நிறுவனம் ஓக்லி கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2019இல் கணக்கின் எண்ணிக்கைப்படி கட்டணம் என்ற முறை வந்தது. ‘அன்லிமிடெட் சிபேனல்’ என்று விற்றுக்கொண்டிருந்த ரீசெல்லர் திட்டங்களில் பல 30, 50 என்ற எண்ணிக்கைக்குச் சுருங்கியதன் பின்னணி இதுதான். ஒவ்வொரு தளத்தையும் தனிக் கணக்கில் வைப்பதே சரி என்று நான் சொல்லும்போது, அந்தச் சரியான செயலுக்குத்தான் இப்போது தனித்தனியாக விலை போடப்பட்டிருக்கிறது. விலை உறுத்தினால் டைரக்ட்அட்மினைப் பார்க்கலாம். கனடாவைச் சேர்ந்த அந்தப் பேனலிலும் அட்மின், ரீசெல்லர், பயனர் என்ற மூன்று அடுக்குகள் உண்டு, பக்கங்களும் விரைவாகத் திறக்கின்றன. ஆனால் சிபேனலுக்கு இருக்கும் அளவுக்கு விளக்கக் காணொளிகளும், பழகிய ஆட்களும் அதற்கு இல்லை. வாடிக்கையாளர்கள் தாங்களாகவே பேனலில் நுழையும் இடங்களில் சிபேனலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நியாயமானது. நாமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இடங்களில் டைரக்ட்அட்மின் போதும்.

பேக்கப்பை நிறுவனம் ஜெட்பேக்கப் என்ற மென்பொருள் மூலம் அன்றாடம் எடுக்கிறது. வாடிக்கையாளரே தன் பேனலிலிருந்து ஒரு கோப்பையோ ஒரு தரவுத்தளத்தையோ மட்டும் மீட்டுக்கொள்ள முடிகிறது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் பேக்கப் அவர்களுடைய இடத்தில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கணக்கின் முழு பேக்கப்பையும் பதிவிறக்கி வேறிடத்தில் வைத்துக்கொள்வது அவசியம். அந்த முழு பேக்கப்பைச் சாதாரண சிபேனல் பயனர் தானே மீட்க முடியாது, பெரும்பாலான இடங்களில் நிறுவனத்தார்தான் ரூட் அதிகாரத்தில் மீட்டுத்தர வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் ஆண்டுத் தள்ளுபடி முடிந்து புதுப்பிப்புக் கட்டணம் வரும்போது பலரும் வேறு நிறுவனத்தைத் தேடுகிறார்கள். புதிய நிறுவனம் இதே பேனலை வைத்திருந்தால் இந்த முழு பேக்கப்புகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும்; கோப்பு, தரவுத்தளம், அஞ்சல், கடவுச்சொல் எல்லாம் கூடவே வரும். மாற்றத்துக்கு முதல் நாளே டிஎன்எஸ் ஸோனில் வழக்கமாக 14400 நொடி என்று இருக்கும் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பது) 300 ஆகக் குறைத்துவிட வேண்டும். பேக்கப் எடுத்ததற்கும் டொமைன் முழுவதும் புதிய சர்வரை நோக்கித் திரும்புவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் வந்த அஞ்சல்கள் பழைய சர்வரிலேயே தங்கியிருக்கும். அவற்றை ஐமேப் (சர்வரிலுள்ள அஞ்சலைப் படிக்கும் முறை) வழியாக எடுத்துச் சேர்த்த பிறகே பழைய கணக்கில் ‘டெர்மினேட்’ அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தினால் கணக்கும் அதிலிருந்த அஞ்சல்களும் சர்வரிலிருந்து உடனே நீக்கப்பட்டுவிடும்.